ஃபால்ஸ் சீலிங்: திறக்க முடியாத கூரை வீட்டுக்கு எதற்கு?

"ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டாச்சா?" புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் மூன்று கேள்விகளில் இதுவும் சேர்ந்துவிட்டது. தண்ணீர் எப்படி, மாடியில் வெயில் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்கப்படுகிறவரும் செல்போனில் நாலு படத்தைக் காட்டுவார். எல்லாம் ஒரே மாதிரி. இணைப்பே தெரியாத வெள்ளை ஜிப்சம், நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் மறைத்து வைத்த மஞ்சள் விளக்கு.

எந்த டிசைன், எத்தனை விளக்கு, என்ன ரேட் என்று எல்லாம் கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சீலிங்கைத் திறக்க முடியுமா?

கூரைக்குக் கீழே இன்னொரு கூரை வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். திறந்து மூடக்கூடியதை வீட்டில் இருப்பவர்களே மாட்டிவிடலாம். இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களே மாட்டுவதுதான் நல்லது. எல்லோரும் 'ஆபீஸ் சீலிங்' என்று உதடு பிதுக்குகிற அந்தக் கட்டம்போட்ட டைல் சீலிங்குக்காகத்தான் இந்த வக்காலத்து.

கண்டுபிடித்ததே திறப்பதற்காகத்தான்

கட்டம்போட்ட சீலிங்கின் கதை சுவாரஸ்யமானது. 1923-ல் அமெரிக்காவில் எரிக் ஹால் என்பவருக்குத் தொங்கு சீலிங் ஒன்றுக்கு காப்புரிமை கிடைத்தது. அதில் டைல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் நடுவில் உள்ள ஒரு டைலைக் கழற்ற வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். பாய் முடைந்தது போல.

இந்தத் தலைவலியைத் தீர்த்தவர் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் பிரவுன். 1958-ல் விண்ணப்பித்தார், 1961-ல் காப்புரிமை கிடைத்தது. தலைகீழ் 'டி' வடிவக் கம்பிகளால் ஒரு சட்டகம், அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் டைல்கள். ஆணி இல்லை, பசை இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய டைலை மட்டும் தூக்கி நகர்த்தலாம். எந்த இடத்திலும் கை விடலாம் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரமே.

அதாவது, இந்தத் தொழில் கோத்துக்கொண்ட டைல்களிலிருந்து திறக்கும் சீலிங்குக்கு வந்து சேர அத்தனை வருஷம் ஆனது. நம் வீடுகளோ இன்று காசு கொடுத்து எரிக் ஹாலையும் தாண்டிப் பின்னால் போகின்றன. கோத்த டைலையாவது ஓரத்திலிருந்து கழற்றலாம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த ஜிப்சம் போர்டை உடைக்கத்தான் முடியும்.

மேலே என்னதான் இருக்கிறது?

"சீலிங்கைத் திறந்து என்ன பார்க்கப் போகிறோம்? சிலந்தி வலையா?" என்று கேட்கலாம். மேலே இருப்பது வீட்டின் உயிர். கான்கிரீட் தளம், அதற்குள் இரும்புக் கம்பி, மேல் வீட்டுக் குளியலறையின் அடிப்பாகம், மின்சாரக் குழாய்கள், ஏசி தண்ணீர் போகும் குழாய்.

கான்கிரீட்டுக்குள் ஈரம் போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருந்து வீங்கி வீங்கி, கான்கிரீட்டை வெளியே தள்ளும். முதலில் ஒரு பழுப்புக் கறை. பிறகு கம்பி போகும் வழியிலேயே நூல் மாதிரி ஒரு விரிசல். தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்று ஓசை. கடைசியில் ஒரு நாள் பத்தை பத்தையாகக் கீழே விழும். கடற்கரை ஊர்களில் காற்றில் உப்பு இருப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். சென்னையில் பழைய அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கு இந்த நான்கு கட்டங்களையும் விளக்கவே வேண்டாம்.

இதில் நல்ல செய்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே அவகாசம் இருக்கிறது என்பது. கறையாக இருக்கும்போது பார்த்தால் நீர்க்கசிவை அடைத்தால் போதும். விரிசலாக இருக்கும்போது பார்த்தால் கொத்திச் சரிசெய்யலாம். பார்ப்பது முக்கியம். இணைப்பில்லாத ஜிப்சம் சீலிங் அந்தப் பார்வையைத்தான் பிடுங்கிக்கொள்கிறது.

ஜிப்சத்திலும் கறை தெரியுமே என்றால், தெரியும்தான். ஆனால் கான்கிரீட்டில் கசிந்த தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. தளத்தின் அடியில் ஓடி, தகரச் சட்டத்தில் இறங்கி, எங்கோ ஒரு மூலையில் போர்டின் முதுகில் தேங்கி, அதன் பிறகுதான் கீழே தெரியும். கறை ஒரு பக்கம், காரணம் இன்னொரு பக்கம். ஈரத்தில் ஊறினால் போர்டுக்கு வலுவும் போய்விடும்.

"சின்னதாக ஒரு கதவு வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். வைக்கலாம். ஆனால் கசிவு, கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டா வரும்? ஒன்றரை அடிக் கதவு வழியாக டார்ச் அடித்தால் பக்கத்துச் சட்டம்வரை தெரியும். அதற்கு அப்பால் ஆண்டவன் விட்ட வழி.

நம் ஊர்ப் பழைய வீடுகள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களும் அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி வைத்த செங்கல்லும் கீழிருந்தே கண்ணுக்குத் தெரியும். உத்தரத்தில் கரையான் ஏறினால் மத்தியானம் படுத்திருக்கும் பாட்டிக்கே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே மாட்ட முடியுமா?

முடியும். அதற்காக ஒரே நாளில் சிரித்துக்கொண்டே முடிக்கிற வீடியோக்களை நம்பவும் வேண்டாம். அவற்றில் அளவெடுப்பது வராது, கழுத்து வலிப்பது வராது, டைலை இரண்டு முறை தப்பாக வெட்டுவதும் வராது.

வேலையின் வரிசை எளிது. எவ்வளவு இறக்குவது என்று முடிவுசெய்து, சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போட வேண்டும். லேசர் கருவி இல்லாவிட்டால் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். தரையிலிருந்தோ கூரையிலிருந்தோ அளக்கக் கூடாது. இரண்டுமே மட்டமாக இருக்காது. கோட்டின் மேல் 'எல்' வடிவ ஆங்கிளை ஸ்குரூ வைத்து முடுக்க வேண்டும். பிறகு மேல்தளத்தில் துளையிட்டு ஆங்கர் அடித்து, தொங்குகம்பி கட்டி, மெயின் டீயை அதில் தொங்கவிட வேண்டும். மெயின் டீக்களுக்குக் குறுக்கே கிராஸ் டீக்கள் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். முதல் கட்டத்தின் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மற்றவை தானாக நேர்படும். கடைசியாக, டைலைச் சாய்த்து உள்ளே விட்டு, படுக்க வைத்துவிட வேண்டும்.

10க்கு 12 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டடி டைல் என்றால் மனக்கணக்கில் 5 பெருக்கல் 6, 30 டைல். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறை அடியில் கட்டப்பட்டது, டைலோ மில்லிமீட்டரில் வருகிறது. கட்டத்தின் அளவு 600 மி.மீ., டைல் 595 மி.மீ. பத்தடி என்பது 3,048 மி.மீ. ஐந்து கட்டம் போனால் 48 மி.மீ. மிஞ்சும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு டைலை சுவரோரமாகச் சொருகினால் பார்க்கச் சகிக்காது, நிற்கவும் நிற்காது.

அதனால் நடுவில் நான்கு முழுக் கட்டம் வைத்து, மிச்சத்தை இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டும். பக்கத்துக்கு 324 மி.மீ. வரும். பன்னிரண்டடிப் பக்கத்திலும் இதே கதைதான், ஐந்து முழுக் கட்டமும் பக்கத்துக்கு 329 மி.மீ. துண்டும். மொத்தம் 20 முழு டைல், 22 வெட்டின டைல். ஒரு டைலில் 324 மி.மீ. துண்டு ஒன்றுதான் கிடைக்கும், இரண்டு கிடைக்காது. ஆக, 30 என்று போட்ட கணக்கு 42 ஆகிவிடும். காகிதத்தில் முன்னாடியே வரைந்தவருக்கு இது தெரியும். வரையாதவர் கடைக்கு இரண்டாம் முறை ஆட்டோ பிடிப்பார்.

இந்த அறைக்கு இரண்டு வரிசை மெயின் டீ போதும். வரிசைக்கு நான்கு தொங்குகம்பி. கூரையில் மொத்தம் எட்டே துளை.

ஜிப்சம் போர்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12.5 மி.மீ. தடிமனுள்ள 6க்கு 4 அடி போர்டு ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்குரூ முடுக்க வேண்டும். அப்புறம் இணைப்புக்கு டேப், பட்டி, தேய்ப்பு, மறுபடி பட்டி. முகத்தில் மாவு கொட்டும். அது வருஷக்கணக்கில் பழகிய கைகளின் வேலை. கற்றுக்குட்டி செய்தால் ஒவ்வொரு இணைப்பும் விளக்கு போட்டதும் பல்லிளிக்கும். கட்டம்போட்ட சீலிங்கில் ஒரு டைல் மூன்று கிலோவை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். தப்பாக வைத்தால் எடுத்துத் திரும்ப வைக்கலாம். தவறைத் திருத்த இடம் கொடுக்கிற வேலைதான் வீட்டில் செய்ய ஏற்ற வேலை.

ஆட்சேபணைகள்

*"பார்க்க ஆபீஸ் மாதிரி இருக்கும்."* இருக்கட்டுமே. ஆபீஸ்காரர்கள் ஏன் அதை வைத்திருக்கிறார்கள்? ரசனை இல்லாததாலா? வயரும் குழாயும் அடிக்கடி பழுதாகும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டு வயரும் குழாயும் மட்டும் அமரத்துவம் பெற்றவையா?

*"உயரம் குறைந்துவிடும்."* நியாயமான கவலை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. ஏசி அறையில் ஃபால்ஸ் சீலிங்வரை 2.4 மீட்டர் இருக்கலாம். பத்தடித் தளத்தில் அரையடி இறக்கினால் சுமார் 2.9 மீட்டர் மிஞ்சும், பிரச்சினை இல்லை. தளமே ஒன்பதடி என்றால் அதுவே 2.74 மீட்டர்தான். மின்விசிறியை நம்பியிருக்கிற அப்படிப்பட்ட அறைக்கு எந்தச் சீலிங்கும் வேண்டாம். கட்டம்போட்டதும் வேண்டாம்.

*"காற்றடித்தால் டைல் தூக்கும், ஈரத்தில் தொய்யும்."* உண்மை. லேசான மினரல் ஃபைபர் டைல்கள் பலத்த காற்றில் அசையும். அதற்குக் கிளிப் இருக்கிறது. தொய்வது, ஈரம் தாங்கும் வகையைப் பார்த்து வாங்காததால் வருவது. கடலோர ஊரில் இதில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

*"ஜிப்சம் தீயைத் தாங்கும்."* தாங்கும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகவே கட்டுண்டு கிடக்கிறது. தீயில் அது ஆவியாகி வெளியேறும்வரை வெப்பத்தைத் தடுக்கும். அதே ஜிப்சத்தை 595 மி.மீ. டைலாகவும் விற்கிறார்கள். அதை வாங்கிக் கட்டத்தில் போட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

*"தொழிலாளி வயிற்றில் அடிக்கலாமா?"* இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தொழிலாளியிடம் கடைசி ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்தான். காண்ட்ராக்டரின் பில்லில் கழுத்தை நிமிர்த்தி நாள் முழுக்க நின்றவருக்குப் போவது எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரு அறைக்குத் தானே சீலிங் மாட்டிப் பார்த்தவர், அடுத்த முறை கூலியைக் குறைத்துக் கேட்கக் கூசுவார். கையால் செய்கிற வேலை கௌரவக் குறைச்சல் என்ற நினைப்புக்கு மருந்து, நாலு நாள் ஸ்டூல்மேல் நிற்பதுதான்.

எங்கே கை வைக்கக் கூடாது

தானே செய்வது என்றால் எல்லாவற்றையும் செய்வது அல்ல. இந்த இடத்தில் வீராப்பு உயிருக்கு ஆபத்து.

நம் வீடுகளில் மின்சாரக் குழாய்கள் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. ஃபேன் பெட்டிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே உள்ள பாதையில் கண்ணை மூடிக்கொண்டு டிரில் போடக் கூடாது. துளை போடும்போது மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, ஸ்டூலைப் பிடிக்க இன்னொரு ஆள், இவை கட்டாயம். சில புதிய கட்டிடங்களில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். அங்கே பொறியாளரைக் கேட்காமல் ஒரு துளையும் கூடாது.

ஃபேன் எப்போதும் தளத்துக் கொக்கியிலேயே தொங்க வேண்டும். நீளமான ராடு வாங்கி டைலில் துளையிட்டு இறக்கலாம். சட்டகத்தில் தொங்கவிடுவது தற்கொலைக்குச் சமம். கனமான விளக்குக்கும் தனிக்கம்பி வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளையே போடக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். சூட்டுக்காக அதன் கீழே தெர்மாகோல் ஒட்டுகிற வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். மலிவு என்பதற்காகத் தூங்குகிற குழந்தையின் தலைக்கு மேல் அதை வைக்கலாமா?

சூடு என்றதும் இன்னொன்று. மொட்டைமாடியில் விழுகிற வெயிலை மொட்டைமாடியிலேயே தடுப்பதுதான் முறை. வெள்ளைப் பூச்சோ, தட்டோடோ, வெயிலைத் திருப்பி அனுப்பும் டைலோ போட்டபிறகு உள்ளே சீலிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கசிவை மறைக்கச் சீலிங் போடக் கூடாது, கட்டம்போட்டதாக இருந்தாலும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். ஒரு மழைக்காலம் காத்திருந்து, தளம் காய்ந்தே இருக்கிறது என்று உறுதியானபிறகு மாட்டலாம்.

கணக்கு என்ன சொல்கிறது

ஜிப்சம் வேலைக்குச் சதுர அடிக்கு ஒரு ரேட் சொல்வார்கள். தரைப் பரப்பைப் பெருக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். பில் வரும்போது, நடுப்பள்ளத்தின் செங்குத்துப் பக்கங்களுக்கும் மறைவிளக்கு விளிம்புக்கும் 'ரன்னிங் ஃபீட்' என்று தனிக்கணக்கு இருக்கும். அலங்காரம் கூடக்கூட, அறை அதே அளவில் இருக்க, அளவு மட்டும் வளரும். முன்னாடியே எழுதி வாங்காதவர்கள் ஏமாறுவார்கள்.

அதுகூடப் பெரிதல்ல. செலவு இரண்டு வகை. போடும்போது ஆவது ஒன்று, வைத்திருக்கும்போது ஆவது இன்னொன்று. எல்லோரும் முதலாவதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஜிப்சத்தில் ஒரு மூலையில் கசிந்தால் உடைப்பு, புது போர்டு, பட்டி, அப்புறம் நிறம் ஒட்டாது என்று முழுச் சீலிங்குக்கும் பெயிண்ட். கட்டம்போட்டதில் கறைபட்ட ஒரு டைலை எடுத்துவிட்டுப் பரணில் இருக்கிற உதிரி டைலைப் போட்டால் முடிந்தது. 42-ல் ஒன்று.

இதைவிட மோசமான செலவு ஒன்று உண்டு. "இவ்வளவு கொட்டிப் போட்டிருக்கிறோம், இதைப் போய் உடைப்பதா?" என்கிற தயக்கம். போன பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். வீட்டில் யாரும் கடைப்பிடிப்பதில்லை. அழகான சீலிங்கை உடைக்க மனம் வராமல் கறைமேல் பெயிண்ட் அடிக்கிற ஒவ்வொரு வருஷமும், மேலே கம்பி கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரரே மாட்ட வேண்டும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். கூலி மிச்சமாவது இரண்டாம்பட்சம். திறக்கிற சீலிங்கை ஆள்வைத்துப் போட்டுவிட்டு, பத்து வருஷம் ஒரு டைலைக்கூடத் தொடாத வீடுகளும் இருக்கின்றன. எப்படிக் கோத்திருக்கிறது என்று தெரியாதவருக்குத் தொட்டால் இடிந்து விழுமோ என்ற பயம். எட்டுத் துளையையும் தன் கையால் போட்டவருக்கு அந்தப் பயம் கிடையாது. மழை நின்ற மறுநாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு டைலைத் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குவார். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம்தான் ஒரு தளத்தின் ஆயுளைக் கூட்டும்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எந்தக் காண்ட்ராக்டரிடமும் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். மேலே கசிந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் நாங்களே எப்படித் திறப்பது? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். வெறும் தளத்துக்கு வெள்ளையடித்தால் போதும். கறை வந்தால் அன்றைக்கே தெரியும்.